கிணறு எண் 37: ‘பேப்பர் போட்டுத் தருகிறோம்’ கடையில் நான் ஏமாந்த கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரையை இதழில் வெளியிட்டுத் தருகிறோம் என்ற கடையில் போனது 22,500 ரூபாய். ஜிபேயில், ஒரு தனி ஆள் பெயருக்கு அனுப்பினேன். ஜிஎஸ்டி எண் போட்ட ரசீது கேட்டதற்கு “வந்துடும் சிஸ்டர்” என்றார்கள். இன்னும் வரவில்லை. ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது பணம் இல்லை.

நான் வேலூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீர்தான் தலைப்பு. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை 64 கிணறுகள், மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. ஒரு லிட்டர் பாட்டில்களைக் கட்டைப்பையில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் “என்னம்மா, உங்க ஊர்ல தண்ணியே இல்லையா?” என்பார். தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்ற அளவை என் கிணறுகளில் பல தாண்டித்தான் நின்றன. இரண்டு வருட அலைச்சல் மொத்தமும் ஒரே ஒரு எக்செல் கோப்பில் இருந்தது.

ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தன் 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனால் எங்களிடம் இன்னும் கேட்கிறார்கள். நல்ல இதழ் எது என்று பார்க்க இருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். யாரைக் கேட்டாலும் “ஸ்கோபஸ்ல இருக்கான்னு பாரு” என்கிறார்கள். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஒரு தரவுத்தளம். ஆய்வேடு பைண்டிங் செய்யும் ஒரு மாடிக்கடையில் ‘ஸ்கோபஸ் பப்ளிகேஷன், 30 நாள் கேரண்டி’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. கோர்ஸ் ஒர்க்கில் ஆய்வு நெறிமுறை என்று ஒரு தாள் உண்டு, போலி இதழ்கள் அதில் ஒரு பாடம். அதில் 82 மதிப்பெண் வாங்கியவள் நான். சிரித்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஸ்கோபஸில் இதழின் பெயரைத் தேடினேன், இருந்தது. இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னின் எட்டு இலக்கமும் ஒத்துப்போனது. அனுப்பிய நான்காம் நாள் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று அஞ்சல் வந்தது. இரண்டு மதிப்பீட்டாளர்களும் சேர்ந்து எழுதியது இரண்டே வரி: மொழியைச் சரிசெய்யவும், மேற்கோள்களைக் கூட்டவும். தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்புறம் “மூலத் தரவும் வேணும் மேடம், இப்பல்லாம் ஜர்னல்ல கேக்கறாங்க” என்றார்கள். நல்ல இதழ்களும் கேட்பதுதானே என்று எக்செல் கோப்பை அப்படியே அனுப்பினேன்.

கட்டுரை வெளியானது. கைடு வாழ்த்தினார். அலுவலகத்தில் மட்டும், நூலகத்தில் ஒரு சரிபார்ப்புக் கையெழுத்து வாங்கி வா என்றார்கள். மூன்று வருடத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கவும் ஃபேனுக்கடியில் உட்காரவும் தவிர நான் நூலகத்துக்குப் போனதில்லை. மாடியில் ‘ஆய்வு உதவிப் பிரிவு’ என்று ஒரு மேசை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எங்களிடம் சொன்னதில்லை. அந்தக் குறை கல்லூரியுடையதும்தான்.

நூலகர் என் கட்டுரையின் முதல் பக்கத்திலிருந்த டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர இணைய அடையாள எண்ணை, அதற்குரிய தளத்தில் போட்டார். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று வந்தது. இடைவெளி ஏதும் சேர்ந்துவிட்டதோ என்று இன்னொரு முறை போட்டார். “ஏம்மா, இந்த லிங்க்கை உனக்கு யார் கொடுத்தது?” என்றார். கடைக்காரர் என்றேன். அவர் வேறொரு பக்கத்தைத் திறந்தார். அதே பெயர், அதே ஐஎஸ்எஸ்என், ஆனால் முகவரி வேறு. அசல் இதழ் ஒரு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துடையது, வருடத்துக்கு இரண்டு முறை, ஏழெட்டுக் கட்டுரைகளோடு வருவது. நான் பணம் கட்டிய தளத்திலோ ஒரே மாதத்தில் நூற்றுக்கு மேல் கட்டுரைகள், கால்நடை மருத்துவம் முதல் கம்பராமாயணம் வரை. தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்துவிட்டார். இந்த இதழுக்கு ஆசிரியர் வரவே இல்லை.

இதற்குக் ‘கடத்தப்பட்ட இதழ்’ என்று பெயராம். நிஜ இதழின் பெயரையும் எண்ணையும் எடுத்து ஒட்டி, அச்சு அசலாக ஒரு தளம் போடுகிறார்கள். அன்னா அபல்கினா என்ற ஆய்வாளர் இவற்றைத் தேடித் தேடித் தொகுக்கிறார். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளத்தில் 2022 முதல் அந்தப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. போலித் தளங்களின் இணைப்புகள் ஸ்கோபஸுக்குள்ளேயே புகுந்ததால், 2023 கடைசியில் ஸ்கோபஸ்காரர்கள் இதழ்களின் முகப்பு இணைப்புகளையே நீக்கிவிட்டார்கள். நான் செய்ததுபோல் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதில் பாதிதான் தெரியும். உங்கள் கையிலிருக்கும் முகவரி அந்தப் பெயருக்கு உரியதுதானா என்று தனியே பார்க்க வேண்டும். ஐஎஸ்எஸ்என் தளத்தில் வெளியிடுபவர் யார் என்று பார்த்து, அவர்கள் பக்கம் வழியாக உள்ளே போங்கள். நூலகருக்கு இதெல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகவில்லை. சந்தாவில் நடக்கும் நல்ல இதழ்கள் பலவற்றில் எழுதுபவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை என்பதையும் அன்றுதான் கேட்டேன்.

கட்டுரையை எடுத்துவிடச் சொன்னால் ‘திரும்பப் பெறும் கட்டணம்’ 9,000 கேட்டார்கள். கட்டவில்லை. சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன், புகார் எண் மட்டும் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து அதே தளத்தில் வேறு மூன்று பேர் பெயரில் பாலாற்றுக் கிணறுகள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அட்டவணையை இறக்கிப் பார்த்தேன். 37-ஆம் கிணற்றுக்கு நேராக ஒரு கோடு. மேல்விஷாரத்துக்கு நான் போன அன்று மோட்டார் எரிந்து கிடந்தது, தண்ணீர் எடுக்க முடியவில்லை, அதனால் கோடு போட்டுவைத்தேன். அவர்களுக்கும் அதே கிணற்றில், அதே நாளில் மோட்டார் எரிந்திருக்கிறது.

நூலகர் சொல்லி, இப்போது தரவை ஜெனோடோவில் ஏற்றியிருக்கிறேன். செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு மையம் நடத்தும் தரவுக் களஞ்சியம், இலவசம், ஏற்றிய தேதியோடு டிஓஐ தருகிறார்கள். கோப்பை யார் பார்க்கலாம் என்பதையும் நாமே முடிவு செய்துகொள்ளலாம். கட்டுரையை எழுதும் முன்பே இதைச் செய்திருந்தால் எது முதலில் வந்தது என்று காட்ட ஒரு தேதி இருந்திருக்கும். இப்போது என் களக் குறிப்பேட்டையும் பஸ் டிக்கெட்டுகளையும் ஸ்கேன் செய்து சாட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போய்விட்டது.

அந்த மாடிக்கடை இன்னும் திறந்திருக்கிறது. ‘30 நாள்’ இப்போது ‘20 நாள்’ ஆகியிருக்கிறது. அங்கே பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், ஜிபே ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சேர்ந்து போய் இன்னொரு புகார் கொடுக்கலாம்.