திருவொற்றியூரில் ‘மெட்ரோ 7 நிமிடம்’ என்று வீடு பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தை பிறந்ததும், நாங்கள் குடியிருந்து காலி செய்த அந்த வீட்டு வாசலில் மறுபடி டூலெட் போர்டு தொங்குகிறதாம். எதிர்வீட்டு அக்கா போட்டோ எடுத்து அனுப்பினார். அதே தரகர், அதே வாசகம்: 2 பெட்ரூம், மெட்ரோ 7 நிமிடம், மெட்ரோ வாட்டர், ஃபேமிலிக்கு ஏற்ற அமைதியான ஏரியா. என் பையனுக்கு இன்று ஐம்பது நாள். அவன் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன், நடுவில் எங்காவது தொடர்பு விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. வடசென்னை என்றாலே மூக்கைப் பொத்துகிறவர்களுக்குத் தீனி போட இதை எழுதவில்லை. நான் ராயபுரத்தில் பிறந்தவள். என் சின்ன வயதில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் நிலக்கரித் தூள் படிந்திருக்கும், 2011ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்ற பிறகுதான் அம்மா மாடியில் வடாம் போட ஆரம்பித்தார். அதனால் இந்தப் பக்கத்தில் குடியிருந்தால் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்ததற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம்.

கல்யாணத்துக்குப் பிறகு மடிப்பாக்கத்தில் இருந்தோம். அவருக்கு கிண்டியில் வேலை, எனக்குத் தேனாம்பேட்டை. நாள் தள்ளிப்போய் டாக்டர் உறுதி செய்ததும் முதலில் பேசியது பெயரைப் பற்றி இல்லை, வீட்டைப் பற்றித்தான். பிரசவ விடுப்பு 26 வாரம், அது முடிந்து நான் வேலைக்குத் திரும்பினால் குழந்தையை யார் பார்ப்பது? பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிற அம்மாதான். அப்படியென்றால் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் வேலைக்குப் போக வண்டி மாறாத வழியும் வேண்டும். பெரம்பூர் பார்த்தோம், வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. மாதவரம் பார்த்தோம், இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகச் சாலையெல்லாம் தடுப்பு, ரயில் ஓடுவதற்குள் பையன் பள்ளிக்கூடமே போய்விடுவான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோவை நீட்டினார்கள் இல்லையா, அதனால் திருவொற்றியூர்தான் சரி என்று முடிவு செய்தோம். ஏறினால் தேனாம்பேட்டைக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அதே ரயிலில் அவர் கிண்டி வரைக்கும் போய்விடலாம். அந்தக் கணக்கில் இப்போதும் தப்பில்லை. ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் இருக்கிற கணக்கில்தான் தப்பு.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொன்னார் தரகர். நாங்கள் காலையில் வருகிறோம் என்றோம், “காலைல ஓனர் கோயிலுக்குப் போய்டுவாரு சார், நாலு மணிதான் தோது” என்றார். ஸ்டேஷனில் இறங்கினோம், அவரே ஆட்டோ பிடித்து வைத்திருந்தார். தண்டவாளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஓனர் இன்னும் சாவி கொண்டு வரவில்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பால் வேண்டாம் என்றதும் லெமன் டீ சொன்னார், அவ்வளவு கவனிப்பு. ஒரு கால் மணி நேரம் கழித்து சாவி வந்துவிட்டது என்றார், ஏறினோம், கேட் திறந்திருந்தது, மூன்று நிமிடத்தில் வீடு. ரயில்வே கேட் என்று ஒன்று அங்கே இருந்ததே என் மனதில் பதியவில்லை. அவர் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது சாவியை இல்லை, கேட்டை என்று விளங்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

வீட்டுக்குள் நுழைந்தால் கமகமவென்று சாம்பிராணி. கர்ப்பிணிப் பெண் வீடு பார்க்க வருகிறாள் என்று தூபம் போட்டார்களாம். ஜன்னல் எல்லாம் மூடி, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டேன், கொசு வரும் என்றார்கள். பின்பக்கக் கதவை மட்டும் திறந்து காட்டினார்கள், கிழக்குப் பக்கம், கடல் காத்து சிலுசிலுவென்று வந்தது. “வடிவுடையம்மன் எதிர்லயே இருக்கற மாதிரி சிஸ்டர், பௌர்ணமிக்கு மூணு அம்மனையும் பாத்துட்டு வீட்டுக்கு வந்துடலாம், சுகப் பிரசவம்தான்.” இதற்கு மேல் என் அம்மாவுக்கு என்ன வேண்டும்? ஆடி பிறந்தால் வீடு மாற முடியாது, அதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அந்த அவசரம் எங்களை விடத் தரகருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, “இன்னும் ரெண்டு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். டோக்கன் அட்வான்ஸ் 5,000 அங்கேயே கைமாறியது. வாடகை 13,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், தரகருக்கு ஒரு மாத வாடகை.

குடியேறிய முதல் ராத்திரி பத்தரை மணிக்குப் படுத்தோம். பன்னிரண்டு மணி வாக்கில் எனக்கு விழிப்பு வந்தது, கேஸ் லீக் ஆகிறது என்று நினைத்து அவரை எழுப்பி, சிலிண்டரை மூடி, லைட் போடாதே என்று கத்தி, கதவைத் திறந்தால் வெளியே வாடை இன்னும் அதிகம். அழுகிய முட்டை மாதிரி, தொண்டையில் போய் உட்காருகிற வாடை. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஒண்ணும் இல்லம்மா, மணலி காத்து, ரெண்டு மணிக்குப் போயிடும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியது. அப்படிப்பட்ட விபத்து இல்லை இது, தினசரி வாடை. ஆனால் வயிற்றில் ஐந்து மாதக் குழந்தையுடன் இருட்டில் நிற்கிறவளுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

இந்தக் காற்று விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், தரகர் நாலு மணி என்று அடம்பிடித்ததன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. சென்னையில் வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று உள்ளே வீசும். திருவொற்றியூருக்குக் கிழக்கே கடல், மேற்கே மணலி ஆலைகள், தென்மேற்கே கொடுங்கையூர் குப்பைமேடு. சாயங்காலம் கடல் காற்று அடிக்கும்போது வாடை, புகை எல்லாம் உங்களை விட்டு மேற்கே போய்விடும். ராத்திரியில் நிலம் குளிர்ந்து காற்று திரும்பி தரையிலிருந்து கடலுக்குப் போகும், போகிற வழியில் உங்கள் ஜன்னல். நாலு மணிக்குப் பார்த்த வீடும் நடுராத்திரி வீடும் ஒன்றே இல்லை. விலாசம்தான் ஒன்று. படுக்கையறை ஜன்னல்கள் இரண்டும் மேற்குப் பக்கம், பழைய குடித்தனக்காரர்கள் அதன் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள், பெயின்ட் அடித்து அதை மறைத்திருந்தார்கள். நான் நகத்தால் சுரண்டியபோது தெரிந்தது.

சரி, வாடைக்குக் கூடப் பழகிவிடலாம் என்று அம்மா சொன்னார். கேட்டுக்குப் பழக முடியவில்லை.

அந்தத் தண்டவாளத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கல் மட்டும் ஓடவில்லை. விஜயவாடா பக்கம் போகிற எக்ஸ்பிரஸ் எல்லாம் அதிலேதான், எண்ணூர் பக்கத்து கூட்ஸும் அதிலேதான். கேட் ஒரு தடவை இறங்கினால் ஒரு வண்டிக்காக இறங்கியதாக இருக்காது, இந்தப் பக்கம் ஒன்று போகும், உடனே அந்தப் பக்கம் ஒன்று வரும், நடுவில் கூட்ஸ் ஒன்று யோசித்து யோசித்து நகரும். நான் ஒரு வாரம் செல்போனில் குறித்து வைத்தேன். காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் ஒரு நாள் கூட நான் நிற்காமல் தாண்டியதில்லை, குறைந்தது எட்டு நிமிடம், அதிகபட்சம் இருபத்தேழு. மற்றவர்கள் கம்பிக்கு அடியில் குனிந்து போய்விடுகிறார்கள், ஸ்கூல் பிள்ளைகள் உட்பட. ஆறு மாத வயிற்றை வைத்துக்கொண்டு நான் எங்கே குனிவது? நின்றுகொண்டே இருப்பேன். ஒரு பூக்கார ஆயா தன் பலகையில் இடம் கொடுப்பார், அவர் புண்ணியத்தில்தான் அந்த மாதங்கள் கழிந்தன. சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிப் போகலாம், ஆட்டோவுக்குக் கூடுதலாக எண்பது ரூபாய், ஒரு மழை பெய்தால் அதிலும் தண்ணீர். ஆக ‘ஏழு நிமிட’ நடை எனக்கு வீட்டிலிருந்து பிளாட்பாரம் வரைக்கும் சராசரியாக அரை மணி நேரம் ஆனது. தேனாம்பேட்டைக்கு ரயிலில் போகிற நேரமும் அதே அரை மணிதான்!

எட்டாம் மாதம் பிறந்த வாரத்தில் ஒரு ராத்திரி இடுப்பிலிருந்து வலி பிடித்தது. அவர் ஆட்டோ கூட்டி வந்தார், கிளம்பினோம், கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு லாரி, பின்னால் பைக்குகள், திரும்பிச் சுரங்கப்பாதைக்குப் போகவும் வழியில்லை. கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை நான் எண்ணினேன், வேறு என்ன செய்வது. ஆட்டோ அண்ணன் இறங்கிப்போய் கேட்மேனிடம் கெஞ்சினார், அவர் என்ன செய்வார் பாவம், சிக்னல் அவர் கையில் இல்லை. இருபது நிமிடம். ஆஸ்பத்திரிக்குப் போனதும் அது சூட்டு வலிதான் என்று சொல்லி, ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார், அந்த வீட்டுக்கு இனிமேல் துணி எடுக்கத்தான் போவோம் என்று. அங்கிருந்து நேராக அம்மா வீடு.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன ஏமாற்றுகள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ வாட்டர் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை, நாங்கள் இருந்தவரை போர் தண்ணீர்தான், வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பு. கரண்டுக்குத் தனி மீட்டர் என்றார்கள், அது வீட்டுக்காரர் உள்ளே மாட்டிய சப் மீட்டர், யூனிட்டுக்குப் பத்து ரூபாய், அரசாங்கம் தருகிற 100 யூனிட் இலவசம் எங்கள் கண்ணில் படவே இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாது. குழந்தைத் துணியுமா என்றேன். “அதுதாம்மா தினம் தினம் ஈரம் சொட்டும்” என்றார் வீட்டுக்காரம்மா.

காலி செய்தபோதுதான் பெரிய அடி. ஒரு லட்சத்தில் பெயின்டுக்கு 13,000, இரண்டு மாத நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதம்தான் கொடுத்தோம் என்று இன்னொரு 13,000, மோட்டார் ரிப்பேர் என்று 4,000. மீதி எழுபதில் கைக்கு வந்தது முப்பது. நாங்கள் போட்டிருந்தது வழக்கமான 11 மாத பத்திரம், எங்கும் பதிவு செய்யவில்லை. அப்புறம் படித்துப் பார்த்தால், 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டுமாம். வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கவே கூடாதாம். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது எல்லாம் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் வீட்டுக்காரர் பொறுப்பில் வருகிறது. இதை அச்செடுத்து அவரிடம் காட்டினோம். “அதெல்லாம் பேப்பர்ல நல்லா இருக்கும் தம்பி” என்று சிரித்தார். பதிவு செய்யாத பத்திரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் சிரிக்க முடியவில்லை.

இப்போது எங்கே இருக்கிறோம் என்றால், அதே திருவொற்றியூர்தான்! ஹை ரோட்டுக்குக் கிழக்கே, தண்டவாளத்தைத் தாண்ட வேண்டாத பக்கம், ஒற்றைப் படுக்கையறை, வாடகை ஆயிரம் ரூபாய் கூட. இங்கேயும் சில ராத்திரி வாடை வருகிறது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் ஜன்னல்கள் கிழக்கே இருக்கின்றன. எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் கேட்கும், பையன் அதிலும் தூங்குகிறான். இந்த வீட்டை எடுப்பதற்கு முன்னால் அவர் மூன்று தடவை தனியாக வந்து பார்த்தார்: ஒரு வேலை நாள் காலை எட்டரைக்கு, ஒரு ராத்திரி பன்னிரண்டரைக்கு, மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. தரகரைக் கூப்பிடவில்லை. எதிரில் இஸ்திரி போடுகிறவரிடம் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும் என்று கேட்டார், அவர் தெருக் கதை முழுவதையும் சொல்லிவிட்டார்.

வர வேண்டிய நாற்பதாயிரம் இன்னும் வரவில்லை. போன வாரம் போன் செய்தபோது, அடுத்த பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்ததும் அதிலிருந்து தந்துவிடுவதாகச் சொன்னார் வீட்டுக்காரர். இந்தப் பதிவைப் போடப் போகிறேன் என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். “ஏன்டி, அப்புறம் அந்த வீட்டுக்கு யாரு வருவா, உன் காசு எப்படி வரும்?” என்றார். அவர் சொல்வதும் சரிதான். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் போடுகிறேன்.