எல்.டி.1084 ஹீட்டர் சப்ளை போர்டு: ப்ரீசெட்டை இடம் மாற்றினால் நம்பலாம்

பிராண்ட் பெயர் எதுவும் இல்லாமல் கிட்டாக விற்கப்படும் சிறிய போர்டு இது. ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், இரண்டு ஃபில்டர் கெபாசிட்டர், வோல்டேஜை நிலையாக வைக்கும் ஓர் எல்.டி.1084 ரெகுலேட்டர், நீல நிறப் பல்சுற்று ப்ரீசெட் (ஸ்குரூவைத் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), இரண்டு பக்கமும் ஸ்குரூ டெர்மினல். வால்வு ப்ரீஆம்பின் ஹீட்டருக்கு (வால்வின் உள்ளே கேத்தோடைச் சூடாக்கும் இழை) ஹம் இல்லாத டிசி கொடுக்க நல்ல அமைப்புதான். ஆனால் வந்தபடியே வால்வில் மாட்டிவிடாதீர்கள்.

சிக்கல் முழுக்க அந்த ப்ரீசெட்டில் இருக்கிறது. இவ்வகை போர்டுகளில் பெரும்பாலும் ரெகுலேட்டரின் அவுட்புட்டுக்கும் வோல்டேஜைத் தீர்மானிக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே 240 ஓம், அட்ஜஸ்ட் காலிலிருந்து நெகட்டிவுக்கு 5 கிலோ ஓம் ப்ரீசெட். 25 சுற்று என்றால் சுற்றுக்கு 200 ஓம். அதாவது ஸ்குரூவை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அவுட்புட் ஒரு வோல்ட்டுக்கு மேல் நகரும். 6.3 வோல்ட் வால்வுக்கு 5 சதவீத எல்லை 5.99 முதல் 6.61 வரை. அத்தனையும் சுமார் 0.6 சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது. புது ப்ரீசெட் நடுவில் நின்றால் கணக்குப்படி 14 வோல்ட் கேட்கும். 9 வோல்ட் ஏசி கொடுத்திருந்தால், லோடோடு கிட்டத்தட்ட 9 வோல்ட் டிசி ஹீட்டரில் ஏறும். இன்னும் மோசமானது ஒன்று: நாள்பட ப்ரீசெட்டின் நகரும் முனை தொடர்பு விட்டால், ரெகுலேட்டர் உள்ளே வரும் வோல்டேஜை ஏறக்குறைய அப்படியே வெளியே விட்டுவிடும்.

ஹீட்டர் கூடுதலாகச் சூடானால், எலக்ட்ரானை உமிழும் கேத்தோடின் பேரியம் ஆவியாகி, அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் படியும். பிறகு கிரிட்டே எலக்ட்ரானை உமிழ ஆரம்பிக்கும், பயாஸ் (கிரிட்டுக்கு அமைத்த வோல்டேஜ்) நிலைக்காது. குறைத்து வைத்தால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. 10 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 5.67 வோல்ட்டுக்குக் கீழே போனால் எமிஷன் (எலக்ட்ரான் உமிழ்வு) குறையும், கேத்தோடும் எளிதில் கெடும்.

மாற்றம் சின்னதுதான். ப்ரீசெட்டையும் 240 ஓமையும் கழற்றிவிடுங்கள். நெகட்டிவ் பக்கம் 470 ஓம் நிலையான ரெசிஸ்டர். அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் இடையே 110 ஓம், அதனுடன் சீரியஸாக 20 ஓம் ப்ரீசெட். ரெசிஸ்டர் இரண்டும் 1 சதவீத மெட்டல் ஃபிலிம். இப்போது ஸ்குரூவின் இரு கோடிகளிலும் கிடைப்பது சுமார் 5.8 முதல் 6.6 வோல்ட் வரைதான். தவறிக்கூட வால்வைக் கெடுக்க முடியாது. நகரும் முனை தொடர்பு விட்டாலும் அவுட்புட் ஏறாது, 1.3 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். வால்வு அணையும், அவ்வளவே. விற்பவர்கள் இதை முதலிலேயே இப்படி அமைத்திருக்க வேண்டும். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

வால்வை மாட்டும் முன் டம்மி லோடில், அதாவது வால்வுக்குப் பதிலாக ரெசிஸ்டரில், ஓட்டிப் பாருங்கள். இரண்டு 10 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரைப் பேரலலாக வைத்தால் 5 ஓம், 1.26 ஆம்பியர். நான்கு ஈ.சி.சி.83 ப்ரீஆம்ப் வால்வு பேரலலில் எடுக்கும் 1.2 ஆம்பியருக்கு இது மிக நெருக்கம். அரை மணி நேரம் ஓடட்டும். இதிலேயே ரெகுலேட்டர் அசலா என்றும் பார்த்துவிடலாம்: சோதனை சப்ளையிலிருந்து ரெகுலேட்டரின் இன்புட் காலில் 7.7 வோல்ட் டிசி கொடுங்கள். அசல் எல்.டி.1084 என்றால் 6.3 அசையாது. பெயர் மாற்றி ஒட்டிய எல்.எம்.317 என்றால் கீழே இறங்கிவிடும், அதற்கு இந்த மின்னோட்டத்தில் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் இடையே 2 வோல்ட் இடைவெளி வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரின் பழைய 6.3 வோல்ட் ஏசி சுற்றிலேயே (வைண்டிங்) இதை ஓட்டலாமா? ஓட்டாதீர்கள். உச்சம் 8.9 வோல்ட், டயோடுகளில் 2 வோல்ட் வரை போகும், 10,000 மைக்ரோஃபாரடில் ரிப்பிள் ஒரு வோல்ட் அளவு. ரெகுலேட்டருக்கு மிச்சமே இருக்காது, 100 ஹெர்ட்ஸ் ஹம் நேராக ஹீட்டருக்குப் போகும். 9 வோல்ட் சுற்று வேண்டும். டிசி மின்னோட்டத்தைப் போல இரண்டு மடங்கு தாங்கட்டும். 1.2 ஆம்பியருக்கு 2.5 ஆம்பியர் சுற்று.

அப்போது ரெகுலேட்டரில் ஏறத்தாழ 5 வாட் சூடு. கிட்டோடு வரும் குட்டி அலுமினியத் தகடு பற்றாது. வாட்டுக்கு 5 டிகிரிக்கு மேல் ஏறாத ஹீட்சிங்க் தேடுங்கள். எல்.டி.1084-ன் முதுகுத் தகடு அவுட்புட்டோடு இணைந்தது. மைக்கா தாளும் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் சேசிஸில் முறுக்கினால் பாசிட்டிவ் நேராகக் கிரவுண்டில் ஷார்ட்.

அவுட்புட்டை எதனோடும் சேர்க்காமல் மிதக்க விடக் கூடாது என்பதை கிட்டின் தாளில் எங்கும் எழுதுவதில்லை. சாதாரண ஸ்டேஜ் என்றால் நெகட்டிவைக் கிரவுண்டோடு சேர்க்கலாம். கேத்தோடு ஃபாலோவர் (கேத்தோடு உயர் வோல்டேஜில் நிற்கும் ஸ்டேஜ்) இருந்தால் ஹீட்டரைச் சற்று மேலே தூக்கி வையுங்கள்: 300 வோல்ட் எச்.டி.யிலிருந்து (வால்வின் உயர் வோல்டேஜ் சப்ளை) 220 கிலோ ஓம் (1 வாட்), 47 கிலோ ஓம் பிரித்தால் சுமார் 53 வோல்ட், நெகட்டிவை அதில் சேருங்கள். 47 கிலோ ஓமுக்குக் குறுக்கே 22 மைக்ரோஃபாரட், 100 வோல்ட். ஈ.சி.சி.83-ல் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே 180 வோல்ட்தான் எல்லை.

வோல்டேஜை போர்டில் அளக்காதீர்கள், வால்வு சாக்கெட்டின் கால்களில் அளந்து பாருங்கள்: ஈ.சி.சி.83 என்றால் 4, 5 ஒன்றாகச் சேர்த்து ஒரு முனை, 9 மறுமுனை. குளிர்ந்த ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, அதனால் முதல் சில நொடிகள் வோல்டேஜ் தாழ்ந்து மெல்ல ஏறும். அதைப் பார்த்து ஸ்குரூவைத் தொடாமல், பத்து நிமிடம் கழித்து 6.3-க்கு அமைத்து ஒரு துளி நெயில் பாலிஷ் வையுங்கள். ஈ.சி.சி.88 என்ற இன்னொரு வால்வுக்கு இதே சாக்கெட் வயரிங் ஒத்துவராது, அதில் ஹீட்டர் 4, 5 மட்டுமே, 9 ஷீல்டு.

பவர் வால்வுக்கு இந்த போர்டை வாங்க வேண்டாம். நான்கு ஈ.எல்.34 என்றாலே 6 ஆம்பியர், எல்.டி.1084-ன் எல்லை 5. அவை ஏசியிலேயே அமைதியாக ஓடும். 220 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை 240 வோல்ட்டில் ஓட்டி ஹீட்டர் 6.87-க்கு ஏறியிருந்தால், 2 ஆம்பியர் லோடுக்கு ஒவ்வொரு வயரிலும் 0.15 ஓம், 3 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும்.