கடைசித் தேதி மாறும் இரவில் எந்தக் காலண்டர் கைகொடுக்கும்?

எங்களுடையது ஏழு பேர் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ். ஆடிட்டர் சார், சீனியர்கள் இரண்டு பேர் (அதில் ஒருவன் நான்), ஆர்ட்டிகிள்ஸ் (சிஏ படித்துக்கொண்டே பயிற்சி எடுப்பவர்கள்) மூன்று பேர், முன்னால் உட்கார்ந்து போனையும் ஃபைலையும் பார்த்துக்கொள்ளும் அக்கா. இத்தனை பேருக்கு எதற்குப் பொதுக் காலண்டர், எட்டிப் பார்த்துக் கேட்டால் போதாதா என்றுதான் ரொம்ப நாள் ஓட்டினோம். ஆனால் மாதத்தைப் பாருங்கள். 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்ட), 11 ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டியின் விற்பனைக் கணக்கு), 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டியின் மாதச் சுருக்கக் கணக்கு) என்று வரிசையாகக் கெடு. நடுவே கிளையன்ட் சந்திப்பு, ஸ்டாக் ஆடிட்டுக்கு வெளியூர், ஆர்ட்டிகிள்ஸுக்குப் பரீட்சை லீவு.

தேதியைக் குறித்து வைக்க எந்தக் காலண்டரும் போதும். தேதி மாறும்போதுதான் சாயம் வெளுக்கும். 2025இல் வருமான வரி ரிட்டர்னுக்கு ஜூலை 31 என்றிருந்த கெடு செப்டம்பர் 15க்குப் போனது. அந்த 15ஆம் தேதி இரவில் இன்னும் ஒரு நாள் நீட்டி 16 ஆக்கினார்கள். அப்படி ஒரு இரவில் ஏழு பேர் போனிலும் ஒரே தேதி இருக்குமா என்பதுதான் என் அளவுகோல். கீழே இருப்பதெல்லாம் அதை வைத்துச் சொல்வதுதான்.

முதலில், சுவரில் சிவகாசி காலண்டர், கையில் வாட்ஸ்அப் குழு. இதை மட்டமாக நினைக்க வேண்டாம், லாகின் கிடையாது, வாசலில் நுழைகிற எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் வெளியூரில் ஸ்டாக் எண்ணிக்கொண்டிருக்கும் பையனுக்கு சுவர் தெரியாது. வாட்ஸ்அப்பிலோ பழைய தேதி சொன்ன மெசேஜும் புதிய தேதி சொன்ன மெசேஜும் இரண்டுமே உயிரோடு இருக்கும், யார் எதைத் தேடி எடுக்கிறார்கள் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

அடுத்தது கூகுள் காலண்டர், இலவச ஜிமெயில் கணக்கோடு. பெரும்பாலான சின்ன ஆபீஸ்கள் இங்கேதான் வந்து நிற்கும், நாங்களும் அப்படித்தான். இதில் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, ஆளாளுக்குத் தங்கள் சொந்தக் காலண்டரைத் திறந்து விடுவது. திருத்தும் உரிமை கொடுத்துவிட்டால், 'பிரைவேட்' என்று குறித்த நிகழ்ச்சியும் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். பல் டாக்டர், பெண் பார்க்கப் போவது எல்லாம் ஆபீஸ் செய்தியாகிவிடும். அதனால் பிரவுசரில் போய் 'ஆபீஸ்' என்று தனியாக ஒரு காலண்டர் உருவாக்கி, அதை மட்டும் பகிருங்கள். இரண்டு பேருக்குத் திருத்தும் உரிமை, மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்து நாங்கள் பட்டது போதும்: ஒரு மாதத்தின் கெடு மட்டும் தள்ளிப் போனபோது, தொடர் நிகழ்ச்சியைத் திருத்திய ஆர்ட்டிகிள் 'இந்த நிகழ்ச்சி மட்டும்' என்பதற்குப் பதிலாக 'எல்லா நிகழ்ச்சிகளும்' என்பதை அமுக்கிவிட்டான். வருஷம் முழுக்க 20ஆம் தேதி 24 ஆகிவிட்டது. இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. யார் மாற்றியது என்று தேடினால், நிகழ்ச்சியை உருவாக்கியவர் பெயர்தான் இருந்தது, அது என் பெயர்!

இன்னொரு விஷயம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பொதுக் காலண்டரில் நீங்கள் வைக்கும் அலாரம் உங்களுக்கு மட்டும்தான் அடிக்கும். மற்றவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் காலண்டரின் செட்டிங்கில் போய்த் தங்களுக்கான நினைவூட்டலை வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஏழு போனையும் வரிசையாக மேஜையில் வைத்து, ஒரு மத்தியானம் முழுக்க இதைத்தான் செய்தேன். அழித்துவிட்டால் பயமில்லை, குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும்.

இலவசத்தின் பெரிய ஓட்டை வேறு. காலண்டர் யார் ஜிமெயிலில் இருக்கிறதோ, அது அவருடையது. அவர் வேலையை விட்டுப் போனால் சாவி அவர் சட்டைப் பையில். மாதக் கட்டணம் கொடுத்து கூகுள் வொர்க்ஸ்பேஸ் எடுத்தால் கணக்கு ஆபீஸ் பெயரில் இருக்கும், யார் எதை மாற்றினார் என்கிற பதிவும் அட்மினுக்குக் கிடைக்கும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று ஏழு பேருக்கும் கட்ட வேண்டும். சாரிடம் கேட்டேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் பதில்.

மைக்ரோசாஃப்ட் 365 பற்றி நேர்மையாகச் சொன்னால், மெயில் ஏற்கெனவே அவுட்லுக்கில் ஓடுகிற ஆபீஸ் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு அதிலேயே இருங்கள். பொது மெயில்பாக்ஸ் ஒன்று உருவாக்கினால் அதோடு ஒரு காலண்டரும் வருகிறது, 50 ஜிபி வரை அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டாம், திறந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் இருந்தால் போதும். ஆள் போனால் காலண்டர் போகாது. எத்தனை தூரம் காட்டுவது என்பதிலும் படிகள் உண்டு: பிஸியா என்பது மட்டும், தலைப்பும் இடமும், முழு விவரம், திருத்தலாம் என்று. ஆனால் எங்களைப் போல எல்லோரும் ஜிமெயிலிலேயே வளர்ந்த இடத்தில், ஒரு காலண்டருக்காக மெயிலையே மாற்றச் சொன்னால் அக்காவே சண்டைக்கு வருவார்.

கடைசியாக, சொந்த சர்வர். நெக்ஸ்ட்கிளவுட், ராடிகேல் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இவை போனோடு பேசுவது கால்டாவ் வழியாக; அது காலண்டரை சர்வரோடு இணைக்க 2007இல் வந்த பொதுத் தரம், ஐபோனில் நேரடியாகச் சேரும், ஆண்ட்ராய்டில் டாவ்எக்ஸ்5 மாதிரி ஒரு ஆப் வேண்டும். கிளையன்ட் விவரம் வெளியே போகாது என்பது நிஜமான லாபம். ஆசைப்பட்டுப் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்றதும் சர்வரும் படுத்துவிட்டது. ஏற்கெனவே போனில் இறங்கிய தேதிகள் இருந்தன, புதிதாக மாற்றியது யாருக்கும் போய்ச் சேரவில்லை. கணினிப் பைத்தியம் ஒருவர் ஆபீஸிலேயே இருந்து, அவர் லீவே எடுக்காதவராகவும் இருந்தால் இதை யோசிக்கலாம்.

காலண்டரை ஒரு லிங்காக்கிக் கொடுத்து, சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லும் யோசனையும் ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம். அப்படிச் சேர்த்த காலண்டரை கூகுள் புதுப்பிக்கப் பல மணி நேரம் ஆகலாம். செப்டம்பர் 15 இரவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக நாங்கள் நிற்பது இலவச கூகுளில்தான், ஒரு திருத்தத்தோடு. ஆபீஸ் பெயரில் தனி ஜிமெயில் ஒன்று திறந்து அதில் காலண்டரை வைத்தோம், பாஸ்வேர்ட் எழுதிய தாள் சாருடைய லாக்கரில், சரிபார்ப்பு எண் வருவது சார் போனுக்கு. கிளையன்ட் பெயர் எழுதுவதில்லை, ஃபைல் எண் மட்டும். கெடு மாறினால் நானோ இன்னொரு சீனியரோதான் கை வைப்போம், மாற்றியதும் குழுவில் ஒரு வரி போடுவோம்.

அப்புறம், சிவகாசி காலண்டரும் சுவரில் இருந்து இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை 11 மணிக்கு பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட ஒரு கிளையன்ட்டை வரச் சொல்லியிருந்தேன். அக்கா தாளைக் கிழித்துக்கொண்டே, "தம்பி, பத்தரை பன்னிரண்டு ராகு காலம், அவர் வர மாட்டார்" என்றார். அவர் 12.10க்கு வந்தார். இப்போது ஆபீஸ் காலண்டரில் ஏழு கிழமைக்கும் ராகு காலம் வாராந்திரத் தொடராக இருக்கிறது, சாம்பல் நிறத்தில். அதைத் திருத்தும் உரிமை அக்காவுக்கு மட்டும் வேண்டும் என்று கேட்கிறார். காலண்டரில் திருத்தும் உரிமை கொடுத்தால் கெடுத் தேதிகளுக்கும் சேர்ந்தே போகும் என்பதால், அவருக்காக இன்னொரு காலண்டர் திறக்கப் போகிறேன்.