வாசாவலேகம்: இரண்டு வாரப் பயன்பாட்டுக்குப் பின்

சளி முறிந்த பிறகும் நெஞ்சை விட்டுப் போகாத இருமலுக்காக, ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் எழுதிக்கொடுத்தபடி வாசாவலேகம் ஒரு டப்பா வாங்கி இரண்டு வாரம் சாப்பிட்டேன். ஆடாதோடை இலைச்சாற்றுடன் சர்க்கரை, திப்பிலி, நெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பாகாகக் காய்ச்சி, நன்றாக ஆறிய பின்னரே தேன் கலந்து எடுக்கப்படும் லேகியம் இது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எவருடைய டப்பாவை வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய இவையே.

மூடியைத் திறந்ததும் முதலில் வருவது திப்பிலியின் கார நெடி, அதன் பின்னால் நெய் மணம். நிறம் கருமை கலந்த பழுப்பு. அரைத் தேக்கரண்டி எடுத்து நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு மட்டுமே தெரியும். அது கரைந்து முடியும் நேரத்தில் அடிநாக்கில் ஒரு கசப்பு மெல்ல எழுந்து, தண்ணீர் குடித்த பிறகும் சிறிது நேரம் நிற்கும். அந்தக் கசப்புதான் எனக்கு நம்பிக்கை தந்தது. ஆடும் தொடாத கசப்பு என்பதால்தான் ஆடுதொடா இலை என்ற பெயரே வந்தது என்பார்கள். அந்தச் செடியில் செய்த மருந்து வெறும் மிட்டாயாக இனித்தால், உள்ளே இலை எவ்வளவு இருக்கிறது என்று சந்தேகப்படத்தான் வேண்டும். முன்பு வாங்கிய வேறொரு இருமல் பாகில் புதினா வாசனையும் இனிப்பும் தவிர வேறெதுவும் தட்டுப்படவில்லை.

இந்த லேகியத்தின் தரத்தைத் தீர்மானிப்பது சாறு எடுக்கும் முறை. ஆடாதோடை இலையைப் பச்சையாக இடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கைநிறைய இலை போட்டாலும் சக்கைதான் மிஞ்சுமே தவிர சாறு சொட்டாது. அதனால் இலையை இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வாட்டி, சூட்டோடு துணியில் கட்டிப் பிழிவார்கள். இலை விழுதைப் பொதிந்து சுட்டுச் சாறெடுக்கும் புடபாகம் என்ற முறை ஆயுர்வேதத்தில் இதற்கென்றே சொல்லப்பட்டிருக்கிறது. நான் வாங்கிய டப்பாவின் சீட்டில் சேர்மானங்கள் அளவோடு அச்சிடப்பட்டிருந்தன. ஆடாதோடைக்கு நேரே இலைச்சாறு என்று தெளிவாகவே இருந்தது. சிலர் உலர்ந்த இலைத்தூளைக் கொண்டு செய்கிறார்கள் என்பதால் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பது நல்லது. தாவரப் பெயர் ஜஸ்டிசியா அடதோடா என்று இருந்தது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்த அந்தப் பெயரில் நம் ஆடாதோடையின் ஒலியே லத்தீன் வேடத்தில் நிற்பதைப் படிக்கும்போது ஒரு சின்ன மகிழ்ச்சி. கேரளத்து வைத்தியர்கள் சிற்றாடலோடகம் என்ற நெருங்கிய இனத்தையும் பயன்படுத்துவதால், சீட்டில் தாவரப் பெயர் இருப்பது வெறும் அலங்காரமல்ல.

பதத்தையும் சோதித்தேன். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டபோது பரவாமல் அடியில் போய் உருண்டையாகவே கிடந்தது. விரலால் அழுத்தியபோது ரேகை பதிந்தது. லேகியப் பதத்துக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் இவை. ஆனால் பத்து நாள் கழித்து டப்பாவின் ஓரத்தில் சர்க்கரை பூத்து, கரண்டியில் நறநறவென்று தட்டுப்பட்டது. மருந்து கெட்டுவிடவில்லை என்றாலும், இது பாகு காய்ச்சியவரின் கவனக்குறைவு.

பலனைப் பொறுத்தவரை, காலையும் இரவும் ஒரு தேக்கரண்டி எடுத்து வெந்நீர் குடித்து வந்ததில், நான்காம் நாளிலிருந்து கெட்டியாக இருந்த கோழை இளகி எளிதாக வெளியேறியது. இரவில் எழுந்து உட்கார்ந்து இருமுவது நின்றது. தானாகவே சரியாகியிருக்கக்கூடிய இருமல்தானே என்று கேட்டால் மறுக்க மாட்டேன். எனினும், ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை அடியொற்றித்தான் கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் ஆங்கில மருந்து 1960-களில் உருவானது என்பதால், இது வெறும் நம்பிக்கை மட்டும் என்றும் தள்ளிவிட முடியாது. ரத்தபித்தம் என்று ஆயுர்வேதம் கூறும் குருதிப்போக்கு நோய்களுக்கும் வாசை எனப்படும் ஆடாதோடையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் இருமலில் ரத்தம் கண்டால் லேகியத்தை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என் பெரிய மனக்குறை மருந்தின்மீது அல்ல, சீட்டின்மீது. சர்க்கரை இவ்வளவு சேர்ந்த மருந்தில் நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. அதைவிட மோசம், கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை இல்லாதது. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு என்பதால் கர்ப்ப காலத்தில் ஆடாதோடையைத் தவிர்க்கும்படி மருத்துவர்கள் சொல்வார்கள். ‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்று வீட்டில் ஆளாளுக்கு எடுத்துக் கொடுக்கும் பொருளில் இந்த வரி மூடியின் மேலேயே இருந்திருக்க வேண்டும். என் டப்பாவில் அதை நானே ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.