பெயர் இருந்தது, ஆலை இல்லை: 900 டாலருக்கு நான் ஏமாந்த கதை

கடந்த இலையுதிர் காலத்தில், ஓஹையோவில் நடந்த பழந்துப்பாக்கிச் சந்தை ஒன்றில், 16 கேஜ் (குழலின் விட்ட அளவு) இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை 900 டாலர் கொடுத்து வாங்கினேன். சுடும் பொறியை மூடும் பக்கத் தகடான பூட்டுத் தகட்டில் 'அமெரிக்கன் கன் கம்பெனி, நியூயார்க்' என்றும், அதனோடு 'நிக்கர்பாக்கர்' என்றும் பொறித்திருந்தது. நியூயார்க்கில் சில ஆண்டுகளே இயங்கி மூடப்பட்ட ஆலை அது, எனவேதான் அரிது என்றார் விற்றவர். குழலில் இருந்த 'ஆர்மரி ஸ்டீல்' என்ற முத்திரையைக் காட்டி, அரசு ஆயுதக் கிடங்கின் எஃகு என்றார். தொடர் எண்ணைத் தம்மிடமிருந்த அச்சுத்தாளில் ஒப்பிட்டு, 1889-இல் செய்தது என்றும் சொன்னார். மூன்றுமே பொய் என்று தெரிய எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளாகத் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் பெயரைப் படிக்கவே இல்லை. குழல்களின் கீழ் உள்ள முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே பிரித்து, அவற்றின் அடிப்புறத் தட்டையான பகுதியை விளக்கின் கீழ் திருப்பினார். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் செய்யப்பட்டிருந்தால், குழல் வெடி அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்ததற்கு அடையாளமாக, நீள்வட்டத்துக்குள் 'ஈ எல் ஜி' என்ற சோதனை முத்திரை அங்கே இருந்திருக்கும், இங்கே ஒன்றுமில்லை. சட்டப்படியான சோதனைச்சாலை முத்திரை அமெரிக்காவில் கிடையாது என்பதால், அந்த வெறுமையே உள்நாட்டுப் பொருள் என்பதற்கு முதல் தடயம். பிறகு 'கிரெசென்ட்' என்ற ஆலை தன் சொந்தப் பெயரையே பொறித்த ஒரு பழைய துப்பாக்கியை எடுத்துவந்து இரண்டையும் அருகருகே வைத்தார். பூட்டுத் தகட்டின் வளைவு, முன்கட்டையின் கொக்கி, திருகுகள் அமர்ந்திருந்த இடங்கள் எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகவே இருந்தன.

அமெரிக்கன் கன் கம்பெனி என்ற ஆலையே இருந்ததில்லை. கனெக்டிகட் மாநிலம் நார்விச்சில் இருந்த கிரெசென்ட் ஆலையை நியூயார்க் மொத்த வணிக நிறுவனமான எச். அண்ட் டி. ஃபால்சம் 1893-இல் வாங்கியது. அதன் பிறகு, கேட்ட கடைக்காரருக்கெல்லாம் கேட்ட பெயரைப் பொறித்துக் கொடுத்தார்கள். 'நிக்கர்பாக்கர்' என்பது ஃபால்சம் நிறுவனமே வைத்துக்கொண்ட பெயர். இது ஒளித்துச் செய்த வேலை அல்ல, அன்றைய வணிக வழக்கம்: அஞ்சல்வழி விற்பனைக்காரரான சியர்ஸ் 'ரேஞ்சர்' என்றும், மாண்ட்கமரி வார்டு 'வெஸ்டர்ன் ஃபீல்டு' என்றும் பிறர் ஆலைகளில் செய்வித்துத் தம் பெயரில் விற்றார்கள். உழவர்கள் வாங்கிய மலிவுத் துப்பாக்கிகள் இவை. 'ஆர்மரி ஸ்டீல்' என்பதும் வணிகப் பெயரே தவிர, அதற்கும் அரசுக் கிடங்குக்கும் தொடர்பில்லை.

தொடர் எண் விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. கிரெசென்டின் உற்பத்திப் பதிவேடுகள் எஞ்சவில்லை. எனவே எண்ணிலிருந்து ஆண்டைக் கண்டுபிடித்துத் தரும் பட்டியல் என்று எவர் எதைக் காட்டினாலும் அது கைச்சரக்கு. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் வெளியே தெரியாத இந்த மாதிரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு உரியது என்பதே பெரியவரின் கணிப்பு. அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு இது வெறும் வயதுக் கணக்கு அல்ல. கூட்டரசுச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டதுதான் தொல்பொருள். 1899 முதல் செய்யப்பட்டது சட்டத்தின் கண்ணில் முழுத் துப்பாக்கி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் அதை வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றம். என்னோடு அன்று சந்தைக்கு வந்த நண்பர் எச்-1பியில் இருப்பவர். '1889தானே, படிவம் எதுவும் தேவையில்லை' என்ற விற்பனையாளரின் பேச்சை நம்பி, அதே மேசையில் இன்னொன்றை விலை பேசிக்கொண்டிருந்தார். பணம் எடுக்கும் இயந்திரம் வேலை செய்யாததால் தப்பினார்.

'இன்றைய தோட்டாவையே தாராளமாகப் போடலாம்' என்று விற்றவர் சொன்னது இன்னும் கொடியது. பெரியவர் அளந்து பார்த்தபோது தோட்டா அறையின் நீளம் 2 9/16 அங்குலமே இருந்தது. இன்று கடையில் கிடைக்கும் 16 கேஜ் தோட்டா 2 3/4 அங்குலம். அந்த அளவு வெடித்து வாய் விரிந்த பின் உள்ள நீளம் என்பதால், வெடிக்காத தோட்டா சிறிய அறையிலும் எந்தத் தடையும் இல்லாமல் அமர்ந்துவிடும். சுடும்போதுதான் வாய் விரிய இடமின்றி உள்ளழுத்தம் ஏறும். நல்லவேளையாக நான் ஒருமுறைகூடச் சுடவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதைப் பார்க்கச் சொன்னார் விற்றவர். அதில் ஆலையின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. 'பழைய இரட்டைக்குழல், உள்ளபடியே' என்று மட்டும் எழுதியிருந்தது. இதற்கு நியாயமான விலை இருநூறு டாலர் என்றார் பெரியவர். அடுத்த மாதச் சந்தைக்கு நான் மறுபடி போனபோது அதே மேசையில், வேறு பெயர் பொறித்த வேறொரு துப்பாக்கி இருந்தது. அதில் தொங்கிய விலைச்சீட்டிலும் 1889 என்றுதான் எழுதியிருந்தது.