ஆத்துக்குப் போயிருந்த நேரத்தில் நெட்டைத் தின்றது யார்?

கல்லிடைக்குறிச்சி வீட்டில் எனக்கு ஃபோன் ஹாட்ஸ்பாட்தான் நெட். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. ஒரு நாள் காலை ஃபோனையும் லேப்டாப்பையும் அப்படியே விட்டுவிட்டு ஆத்தில் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதாக மெசேஜ் நிற்கிறது. நெட்டை எந்த புரோகிராம் இழுக்கிறது என்று பார்க்க, அதற்கப்புறம்தான் மூன்று வழிகளை முயன்றேன்.

முதலில் விண்டோஸோடு வரும் ரிசோர்ஸ் மானிட்டர். ஸ்டார்ட்டில் பெயரைத் தட்டி, நெட்வொர்க் பக்கத்துக்குப் போனால் புரோகிராம்வாரியாக அனுப்புவது, பெறுவது இரண்டும் ஓடும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இது பைட் கணக்கு. டாஸ்க் மேனேஜர் எம்பிபிஎஸ், அதாவது பிட் கணக்கு. எட்டு மடங்கு வித்தியாசம்.

அடுத்து வயர்ஷார்க். 1998-இல் ஈதரியல் என்று வந்து, 2006-இல் பெயர் மாறியது. நெட்வொர்க் படிப்பவர்களுக்கு இதற்கு இணை கிடையாது. என் கேள்விக்குத்தான் ஒத்துவரவில்லை. சுலோசன முதலியார் பாலத்தில் நின்று போகிற வண்டி நம்பரையெல்லாம் எழுதுவதுபோல ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது நெட்டில் போய்வரும் ஒவ்வொரு சின்ன டேட்டாத் துண்டையும், காட்டுகிறது. வண்டி எந்த வீட்டிலிருந்து கிளம்பியது, அதாவது எந்த புரோகிராம் அனுப்பியது என்பது அதில் இல்லை.

நான் வைத்துக்கொண்டது கிளாஸ்வயர். ஒரே காரணம்: நடந்து முடிந்ததைத் திருப்பிக் காட்டும். அன்றைக்கு ரிசோர்ஸ் மானிட்டரை நான் திறந்தபோது, டேட்டா தீர்ந்ததால் வேகம் குறைக்கப்பட்டிருந்தது. எல்லா புரோகிராமும் ஒன்றுபோல ஊர்ந்துகொண்டிருந்தன. ரிசோர்ஸ் மானிட்டர் வரைபடத்தில் இருப்பதோ கடைசி ஒரு நிமிடம். திருடன் போன பிறகு வாசலில் காவல் நின்று என்ன பயன்?

மறுநாள் கிளாஸ்வயரைப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே அதே நேரத்துக்கு ஆத்துக்குப் போனேன். வந்து பார்த்தால் வரைபடத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு மேடு. அதைச் சொடுக்கியதும் பெயர் வந்தது: படங்களை மேகக்கணிக்கு ஏற்றும் ஒரு புரோகிராம். இறக்கியது சொற்பம், ஏற்றியதுதான் முழுக்க. வேகம் 4 எம்பிபிஎஸ் பக்கம்தான். அற்பமாகத் தோன்றும், ஆனால் நொடிக்கு அரை எம்பி என்றால் 50 நிமிடத்தில் 1.5 ஜிபி காலி. ஏற்றுவதும் டேட்டா கணக்கில் சேரும் என்பதை நானே மறந்திருந்தேன்.

புதிதாக ஒரு புரோகிராம் நெட்டுக்குப் போனால் கிளாஸ்வயர் மூலையில் எட்டிப்பார்த்துச் சொல்லும். முதல் நாள் தொல்லை, பிறகு பழகிவிட்டது. குறையும் உண்டு: எப்போதும் பின்னணியில் ஓடுவதால் என் 4 ஜிபி ராம் லேப்டாப் கொஞ்சம் முனகுகிறது. அந்த நிமிடத்து நிலவரம் மட்டும் போதும் என்றால் இப்போதும் ரிசோர்ஸ் மானிட்டரைத்தான் திறக்கிறேன். லினக்ஸில் நெட்ஹாக்ஸ் புரோகிராம்வாரியாகக் காட்டும். நண்பனுடைய கணினியில் இரண்டு நாள் பார்த்ததோடு சரி, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஏற்றியது என்ன படம் என்று தேடினால், கோயில் கொடைக்கு எடுத்ததையெல்லாம் அண்ணன் என் லேப்டாப்பில் கொட்டி வைத்திருக்கிறான். இரண்டு நாள் டேட்டா போன கதையைச் சொன்னேன்.

"அப்பம் படமெல்லாம் பத்திரமா ஏறிட்டுல்லா?" என்றான்.