மூன்று 9 மி.மீ. கார்பைன்களும் ஒரு கிழவரும்

நான் போகும் ரேஞ்ச் (துப்பாக்கி சுடும் கூடம்) டெக்சாஸில் ஒரு பழைய கிடங்குக்குள் இருக்கிறது. வாசலிலேயே பலகை தொங்கும்: பிஸ்டல் தோட்டா மட்டும், ரைஃபிள் தோட்டா கூடாது. உள்ளே இருக்கும் பின்சுவர் அவ்வளவுதான் தாங்கும். ஏ.ஆர்.-15 ரைஃபிள் வாங்கிவிட்டு அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களை நானே கண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு நண்பர் கேட்டார்: "அண்ணே, கிளாக் 19 பிஸ்டல் ஒண்ணு வாங்கிட்டேன். அடுத்து ஏ.ஆர். வாங்கவா, இல்ல 9 மி.மீ. கார்பைன் ஏதாவது பார்க்கவா?" அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கார்பைன் (தோளில் வைத்துச் சுடும் குட்டைத் துப்பாக்கி) என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு மந்திரி பின்னால் நிற்கும் காவலர் கையில் இருப்பது நினைவுக்கு வரும். அதுவும் 9 மி.மீ.தான். ஆனால் அது விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடக்கூடியது. இங்கே கடையில் கிடைப்பது ஒரு அழுத்தலுக்கு ஒரு தோட்டா. இந்தியாவில் 9 மி.மீ. தோட்டா பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. ஆகவே இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான அலசல் மட்டுமே.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். குழல் நீண்டால் சக்தி எகிறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 115 கிரெயின் எடையுள்ள குண்டு 4 அங்குலப் பிஸ்டலில் நொடிக்கு ஏறத்தாழ 1150 அடி போகும். 16 அங்குலக் குழலில் 1300 அடியை ஒட்டி வரும். 147 கிரெயின் குண்டில் அந்த வித்தியாசம்கூடக் கிடையாது. பெரும்பாலும் ஒலி வேகத்துக்குக் கீழேயே நின்றுவிடும். 9 மி.மீ. தோட்டாவில் வெடிமருந்து குறைவு, அது வேகமாகவும் எரிந்து தீர்ந்துவிடும். மீதிக் குழலில் குண்டு வெறுமனே உரசிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் எதற்கு இது? தோளில் முட்டுக் கொடுத்துச் சுடலாம் என்பதற்காகத்தான். பிஸ்டலில் 25 கெஜத்தில் இலக்குத் தட்டை அடிக்கத் திணறுகிற ஒருவர், கார்பைனில் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான்) வைத்து முதல் நாளே 50 கெஜத்தில் அடிப்பார். தோட்டாவும் ஏ.ஆர்.-15-இல் போடும் .223-ஐவிடக் கணிசமாக மலிவு. உள்ளரங்கில் அனுமதி உண்டு. போட்டிக்குப் போகிறவர்களுக்கு யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கிப் போட்டிச் சங்கம் 2016 முதல் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஆனால் 100 கெஜத்தைத் தாண்டினால் குண்டு கல்லைப்போல விழத் தொடங்கும். 200 கெஜம் வேண்டும் என்கிறவர் மேலே படிக்க வேண்டாம், ஏ.ஆர்.-15 வாங்கிக்கொள்ளலாம்.

"வீட்டுப் பாதுகாப்புக்கு 9 மி.மீ. நல்லது, சுவரைத் துளைக்காது" என்றும் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. ஜிப்சம் பலகைச் சுவரை 9 மி.மீ. தாராளமாகத் துளைக்கும். வேகமான, எடை குறைந்த .223 குண்டு சிதறியோ புரண்டோ வலுவிழக்கிற இடத்தில், 9 மி.மீ. நேராகப் போய் அடுத்த அறைக்குள் நுழையவும் கூடும்.

சரி, ஆட்களுக்கு வருவோம். இந்த விலை வட்டாரத்தில் நான் கவனமாகப் பார்த்தவை மூன்று: ரூகர் பி.சி. கார்பைன், கெல்டெக் சப்-2000, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி எஃப்.பி.சி.

மூன்றும் புளோபேக் முறையில் இயங்குபவை. சுடும் நேரத்தில் போல்ட்டை (தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் உலோகக் கட்டியை) பூட்டி வைக்க எதுவும் இல்லை. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் தோட்டாவை அடக்கி நிறுத்துகின்றன. அதனால் போல்ட் கனமாக இருந்தாக வேண்டும். அந்தக் கனம் ஒவ்வொரு முறையும் பின்னால் போய் இடிக்கும். 9 மி.மீ.தானே, பஞ்சு மாதிரி இருக்கும் என்று எடுத்தவர்கள் முதல் தோட்டாவிலேயே புருவத்தை உயர்த்துவார்கள். சில கார்பைன்களின் உதை .223 ஏ.ஆரைவிட முரட்டுத்தனமாகத் தோள்பட்டையில் தெரியும்.

இந்த இடத்தில்தான் ரூகர் எனக்குப் பிடித்துப்போகிறது. போல்ட்டுக்குள் டங்ஸ்டன் எடை ஒன்றை நகரும்படி வைத்திருக்கிறார்கள். போல்ட் பின்னால் முட்டும்போது இந்த எடை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்து அதிர்ச்சியைத் தணிக்கும். கூடவே துப்பாக்கியின் எடை 6.8 பவுண்டு, அதாவது 3 கிலோவுக்கு மேல். கடையில் தூக்கிப் பார்க்கும்போது இது குறையாகத் தெரியும். ரேஞ்சில் ஐம்பது தோட்டா சுட்டபின் இதுவே நிறையாகிவிடும்; ரெட் டாட்டின் புள்ளி இலக்கைவிட்டு அதிகம் நகராது. போல்ட் கைப்பிடியையும் மேகசின் விடுவிக்கும் பொத்தானையும் இடக்கைக்காரர்களுக்காக மாற்றிப் பொருத்தலாம். குழலை முறுக்கிக் கழற்றினால் இரண்டு துண்டாகிப் பைக்குள் போய்விடும்.

இதையெல்லாம்விட முக்கியம் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கழற்றும் பெட்டி. ரூகரின் சொந்தப் பிஸ்டல் மேகசினுக்கான கூட்டோடு, கிளாக் மேகசின் போடும் கூட்டையும் பெட்டியிலேயே தருகிறார்கள். திருகாணியைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. நண்பரிடம் கிளாக் 19 இருக்கிறது. அந்த மேகசினே இதிலும் போகும். மேகசினுக்குத் தனியாகச் செலவழித்துக்கொண்டே இருப்பது இந்தப் பொழுதுபோக்கில் கண்ணுக்குத் தெரியாமல் பணம் கரையும் ஓட்டை. என்னைக் கேட்டால் துப்பாக்கியைத் தேர்வதற்குமுன் மேகசினைத் தேர்ந்துவிட வேண்டும்.

கெல்டெக் சப்-2000 வேறு இன்பம். 2001-இல் வந்த வடிவம். இருக்கிற எடை 4 பவுண்டை ஒட்டியே. நடுவில் மடக்கினால் 16 அங்குலச் சொச்சத்துக்குச் சுருங்கி மடிக்கணினிப் பைக்குள் அடங்கும். கிளாக் மேகசின் போடும் வகையும் உண்டு, வேறு சில பிஸ்டல்களுக்கான வகைகளும் உண்டு. மூன்றில் மலிவும் இதுதான். ஆனால் எடை இல்லாத இடத்தில் உதை முழுசாக வந்து சேரும். கன்னம் பதியும் இடம் மெல்லிய குழாய். போல்ட்டை இழுக்கும் பிடியோ அந்தக் குழாய்க்குக் கீழே இருக்கிறது. பழகாத கை அதைத் தேடும். முன்பிருந்த தலைமுறைகளில் இன்னொரு தொல்லை: துப்பாக்கி மேல்நோக்கி மடிவதால், ரெட் டாட் மாட்டியிருந்தால் மடக்க முடியாது. மூன்றாம் தலைமுறையில் முன்கைப்பிடியைச் சுழற்றி ரெட் டாட்டை ஒதுக்கும்படி செய்து அதைச் சரிசெய்துவிட்டார்கள். வாங்கினால் அதை மட்டும் வாங்குங்கள். பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள்.

அந்தத் தொல்லையையே முதலீடாக்கி வந்ததுதான் 2023-இன் எஃப்.பி.சி. இது மேலே மடிவதில்லை, பக்கவாட்டில் மடியும். ரெட் டாட் இருந்த இடத்திலேயே இருக்கும். எடை 5 பவுண்டு. மடக்கினால் 16.4 அங்குலம். பின்கட்டையிலேயே இரண்டு உபரி மேகசின்களைச் செருகி வைக்கலாம். ஆனால் போடுவது எம்&பி மேகசின். எம்&பி பிஸ்டல் வைத்திருப்பவருக்கு இதற்குமேல் பொருத்தமானது கிடையாது; கைப்பிடிகூட அதே வடிவம். கிளாக் வைத்திருப்பவருக்கு இது இரண்டாவது குடும்பம் நடத்துவது மாதிரி.

இதற்கு மேல்தட்டும் உண்டு. சிக் எம்.பி.எக்ஸ். வாயு விசையில் இயங்கி, போல்ட் சுழன்று பூட்டிக்கொள்ளும் வகை. போல்ட் கனமாக இருக்கத் தேவையில்லை என்பதால் உதை மென்மை. ஆனால் ஒன்றின் விலைக்கு ரூகர் மூன்று வரும். போட்டியில் நேரத்தை நொடியின் பின்னங்களில் எண்ணுபவருக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி தோட்டா சுடுகிற எனக்கு வேண்டாம்.

இனி தலைப்பில் சொன்ன கிழவர்: விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்துவிட்டுத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள். பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா என்ற யோசனை நேற்று வந்ததல்ல. 1873-இன் வின்செஸ்டர் லீவர் ரைஃபிளின் .44-40 தோட்டாவையே கோல்ட் நிறுவனம் பின்னர் தன் ரிவால்வரிலும் போட வழி செய்தது. குதிரைமேல் போகிறவனுக்கு இடுப்பில் ஒரே வகைத் தோட்டா போதும். இன்று அந்த இடத்தில் இருப்பது .357 மேக்னம் லீவர் துப்பாக்கிகள்: மார்லின் 1894, ரோஸ்ஸி ஆர்92, ஹென்றி பிக் பாய். நான் மேலே சொன்ன ஏமாற்றம் இதற்குப் பொருந்தாது. .357-இல் மருந்து அதிகம், மெதுவாக எரிவது. நீண்ட குழலை உண்மையிலேயே பயன்படுத்திக்கொள்ளும். 158 கிரெயின் குண்டு 4 அங்குல ரிவால்வரில் ஏறத்தாழ 1250 அடி என்றால், லீவர் ரைஃபிளில் 1700, 1800 அடிவரை போகும். காட்டுப்பன்றிக்கும், கிட்டத்தில் வரும் மானுக்கும் போதும். அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் போட்டால் குழந்தைத்தனமான உதை. குறை என்னவென்றால் தோட்டா விலை. நிரப்புவதும் ஒவ்வொன்றாகத்தான். இருந்தாலும் அந்த லீவரை இழுத்து விடும்போது எழும் "கடக் கடக்" சத்தத்துக்கு மனசு கொஞ்சம் சாயும், மறுக்கவில்லை.

சட்டத்தைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். மத்தியச் சட்டப்படி ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; குறைந்தால் 1934-ஆம் ஆண்டு என்.எஃப்.ஏ. சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டிய வேறு வகையாகிவிடும். மூன்று கார்பைன்களின் குழலும் 16 அங்குலத்துக்குக் குறையாமல் அதை ஒட்டியே நிற்பதன் காரணம் இதுதான். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிளுக்கு மத்திய வயது வரம்பு 18, பிஸ்டலுக்கு 21. சில மாநிலங்களில் இதைவிட இறுக்கம்.

நம்மவர்களில் பலருக்கு இதற்கும் முன்னாலேயே ஒரு கேள்வி உண்டு. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தபின் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். நண்பர் அதுவரை பொறுத்திருந்துதான் தன் கிளாக்கை வாங்கினார்.

மாநிலம் மாறினால், ரூகர்தான் என்ற என் பரிந்துரை இன்னும் இறுகும். கலிபோர்னியாவில் மேகசினுக்கு 10 தோட்டாதான் வரம்பு, கொலராடோவில் 15. கலிபோர்னியாவில் கழற்றும் மேகசினோடு பிஸ்டல் பிடியோ மடியும் கட்டையோ இருந்தாலே செமி-ஆட்டோ ரைஃபிள் 'அசால்ட் வெப்பன்' கணக்கில் விழும். ஆகவே சப்-2000, எஃப்.பி.சி. இரண்டும் அங்கே வெளியே. பழைய மோஸ்தர் கட்டை கொண்ட ரூகர், 10 தோட்டா மேகசினோடு தப்பித்துக்கொள்ளும். லீவர் கிழவருக்கோ எங்கேயும் பெரிய வம்பில்லை.

நண்பர் வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். அவர் பெட்டகம் சின்னது, அதனால் முதலில் எஃப்.பி.சி. பக்கம் சாய்ந்தார். ரூகரையும் இரண்டாகக் கழற்றினால் அதே பெட்டகத்தில் வைத்துப் பூட்டலாம் என்று அளந்து காட்டினேன். மறுவாரம் ரேஞ்சில் அவர் மனைவி என்னுடைய ரூகரை வாங்கி ஒரு மேகசின் சுட்டார். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்து, "இன்னொரு மேகசின் நிரப்புங்க" என்றார். அவர் தன் கிளாக் மேகசினை எடுத்து நிரப்பத் தொடங்கினார்.